ஹெச்பிஏ1சி 6.6, ஹீமோகுளோபின் 8.4: எனக்குச் சுகர் வந்துவிட்டதா?

கேள்வி: வயது 44, பெரம்பூரில் இருக்கிறேன். ஹெல்த் செக்கப்பில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 94, சாப்பிட்ட பிறகு 128. ஆனால் மூன்று மாதச் சர்க்கரை என்கிற ஹெச்பிஏ1சி 6.6. ஹீமோகுளோபின் 8.4, ஃபெரிட்டின் (உடலில் இரும்புச்சத்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் அளவு) 6. மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகம். சுகர் மாத்திரை ஆரம்பிக்க வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. உங்கள் ரிப்போர்ட்டில் என் கண் முதலில் போனது அந்த ஹீமோகுளோபின் 8.4 மேல்தான், அது ரத்தசோகை.

ஹெச்பிஏ1சி என்பது சிவப்பணுக்களுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்ற கணக்கு. சிவப்பணு ஒரு வித்தியாசமான செல். எலும்பு மஜ்ஜையில் வளரும்போது அதற்கும் உட்கரு உண்டு, மைட்டோகாண்ட்ரியா உண்டு, ஆனால் ரத்தத்துக்கு வருவதற்கு முன்பே உட்கருவை வெளியே தள்ளிவிடும். மிச்சம் மீதி இருக்கும் ரிபோசோம்களும் (புரதம் செய்யும் நுண்ணிய உறுப்புகள்) ஓரிரு நாளில் போய்விடும். அந்த இளம் செல்லுக்கு நீலச் சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் உள்ளே வலை பின்னியது போலத் தெரியும், அதுதான் கரைந்துகொண்டிருக்கும் ரிபோசோம். இப்படிக் காலி செய்வதால்தான் ஹீமோகுளோபினை நிறைய அடைத்துக்கொள்ள முடிகிறது, தன்னைவிடக் குறுகலான தந்துகி என்கிற மெல்லிய ரத்தக்குழாயிலும் வளைந்து நுழைய முடிகிறது.

சரி, உட்கருவும் ரிபோசோமும் இல்லாவிட்டால் புதிதாகப் புரதம் செய்ய முடியாது இல்லையா? அதனால் ஹீமோகுளோபினில் ஒருமுறை நன்றாக ஒட்டிய சர்க்கரை அந்த செல் சாகும்வரை, சுமார் 120 நாள், அப்படியே இருக்கும். சர்க்கரை உள்ளே வர இன்சுலினும் தேவையில்லை. செல்லுக்கு வயது ஏற ஏற ஒட்டிய சர்க்கரையும் ஏறும்.

இரும்புச்சத்து இல்லாதபோது மஜ்ஜையால் புது செல்களைப் போதுமான அளவு செய்ய முடிவதில்லை, ரத்தத்தில் பழசுகளின் பங்கு கூடிவிடுகிறது. புதுப் பாத்திரம் வாங்காமல் பழசையே புழங்கும் வீட்டில் கறை அதிகம் தெரிவது மாதிரி, சர்க்கரை ஏறாமலேயே ஹெச்பிஏ1சி ஏறிக் காட்டலாம். (சிவப்பணு சீக்கிரம் உடைகிற நோய் உள்ளவர்களுக்கு நேர் எதிராகக் குறைந்து காட்டும், அது இன்னும் ஆபத்து.)

ஆகவே முதலில் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள், கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேனும் தைராய்டு டெஸ்ட்டும் எடுங்கள். இந்த ரத்தப்போக்கை "எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்று தள்ளிப்போடுவதுதான் எனக்கு உண்மையான கவலை. இரும்பு மாத்திரையை மருத்துவர் சொல்கிற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு ஃபில்டர் காபி, டீ, கால்சியம் மாத்திரை எதுவும் வேண்டாம், இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

சர்க்கரை சந்தேகத்தைத் தீர்க்க 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் டெஸ்ட் போதும். இரண்டு மணி நேரம் கழித்து 140க்குள் இருந்தால் நிம்மதி, 140 முதல் 199 வரை என்றால் எல்லைக்கோடு, 200ஐத் தொட்டால்தான் சுகர் என்று பேச ஆரம்பிக்கலாம். ஹெச்பிஏ1சியை, ரத்தசோகை சரியாகி மூன்று மாதம் போன அப்புறம் மறுபடி பாருங்கள். குளுக்கோஸ் டெஸ்ட் அன்று எட்டு மணி நேரம் வெறும் வயிறு, காலைக் காபியும் கூடாது.