39 வயதில் எடிட்டிங் படிக்க பி.எஃப் பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் 14 வருடமாக அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். வயது 39. கையில் வரும் சம்பளம் 58,000 ரூபாய். அடிப்படைச் சம்பளம் 30,000. கணவருக்கு 40,000. வீட்டுக்கடன் தவணை சேர்த்து மாதச் செலவு 75,000. மகள் எட்டாம் வகுப்பு. டெபாசிட்டில் 8 லட்சம், பி.எஃப்பில் 9 லட்சம் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு, சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் ஓராண்டு வீடியோ எடிட்டிங் டிப்ளமோ படிக்க ஆசை. கட்டணம் 4.5 லட்சம். பி.எஃப் பணத்தை எடுக்கலாமா, கல்விக்கடன் வாங்கலாமா?

பதில்: எடிட்டிங் கற்க 39 ஒரு தடையே இல்லை. ஆனால் உங்கள் கணக்கில் பெரிய செலவு ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அது நிற்கப்போகும் சம்பளம். நீங்கள் வேலையை விட்டால் வீட்டில் மாதம் 35,000 ரூபாய் துண்டு விழும். படிக்க ஒரு வருடம், காலூன்ற இன்னொரு வருடம் என்று குறைத்துப் போட்டாலே 8.4 லட்சம். சென்னையில் தங்கிச் சாப்பிட மாதம் 12,000 என்றால் வருடத்துக்கு 1.44 லட்சம். எடிட்டிங்குக்கு ஏற்ற கம்ப்யூட்டருக்கு 1.5 லட்சம் வைத்துக்கொள்வோம். கட்டணமும் சேர்ந்தால் மொத்தம் ஏறக்குறைய 16 லட்சம். டெபாசிட் முழுவதையும் கரைத்தாலும் பாதிதான் வரும். மீதிப் பாதிக்குத்தான் பி.எஃப் மேல் கண் போகிறது.

அதை மட்டும் தொடாதீர்கள். இப்போதைய 8.25 சதவீத வட்டி நீடித்தால், அந்த 9 லட்சம் உங்கள் 58 வயதில் 40 லட்சத்தை ஒட்டி நிற்கும். வேலையை விட்ட பிறகும் அந்தக் கணக்கில் வட்டி சேரும். சொந்தமாகத் தொழில் செய்பவரின் ஓய்வுக்காலத்துக்கு எந்த முதலாளியும் பணம் கட்டப்போவதில்லை.

கல்விக்கடன் கேட்டுப் போனால், படிப்புக்குப் பல்கலைக்கழக அல்லது அரசு அங்கீகாரம் உண்டா என்று வங்கி முதலில் பார்க்கும். பல தனியார் டிப்ளமோக்களுக்கு அது கிடையாது. அதற்காக பர்சனல் லோன் பக்கம் போய்விடாதீர்கள்.

நான் சொல்லும் வழி இது. இன்னும் ஒன்றரை வருடம் வேலையில் இருங்கள். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே ஆரம்பத்துக்குப் போதும். கம்ப்யூட்டரை இப்போதே வாங்குங்கள். கோவையில் வார இறுதி வகுப்பு ஒன்றைத் தேடி, அதற்கு 1 லட்சம் வரை ஒதுக்குங்கள். உங்கள் வீட்டில் இப்போது மாதம் 23,000 மிஞ்சுகிறது. அதை ஒழுங்காகச் சேர்த்தால் 18 மாதத்தில் 4.14 லட்சம். டெபாசிட்டோடு கூட்டி இந்த இரண்டு செலவையும் கழித்தால் கையில் 9.6 லட்சம் இருக்கும். இரண்டு வருடத் துண்டை அது தாங்கும்.

நீங்கள் குறிப்பிடாத பணம் ஒன்றும் இருக்கிறது: கிராஜுவிட்டி, அதாவது நீண்ட காலம் வேலை பார்த்தவர் விலகும்போது கம்பெனி தரும் பணிக்கொடை. அடிப்படைச் சம்பளத்தை 15/26 ஆல் பெருக்கி, வேலை செய்த வருடங்களாலும் பெருக்க வேண்டும். 15 வருடம் முடித்தால் ஏறக்குறைய 2.6 லட்சம். அதை அவசரத்துக்கென்று தனியாக வைத்துவிடுங்கள்.

இந்த ஒன்றரை வருடத்தில் உறவினர் அல்லாதவர்களிடம் காசு வாங்கி வேலை செய்துபாருங்கள். சொந்தக்காரர்கள் பாராட்டுவதை வைத்துச் சம்பளத்தை விட முடியாது. ஆறு மாதம் தொடர்ந்து 15,000 ரூபாயாவது வந்தால், ராஜினாமா கடிதம் எழுதலாம். சினிமாதான் வேண்டும் என்றால் நிலைமை வேறு. உதவி எடிட்டர்களுக்கு முதல் சில வருடங்கள் வருமானம் மிகக் குறைவு; வீட்டுக்கடன் இருப்பவருக்கு அது தாங்காது. ஆனால் நீங்கள் இருப்பது திருப்பூரில்! பனியன் கம்பெனிகளுக்குத் தயாரிப்பு வீடியோ வேண்டும், இன்ஸ்டாகிராமில் விற்பவர்களுக்கு ரீல்ஸ் வேண்டும். துணியையும் அதை வாங்கும் பையரையும் 14 வருடமாகப் பார்த்த எடிட்டர் சென்னையில் எத்தனை பேர் கிடைப்பார்கள்?

அதற்கு மேலும் டிப்ளமோ வேண்டும் என்று தோன்றினால், அதே நிறுவனத்தில் முப்பது தாண்டிச் சேர்ந்து படித்தவர்களைத் தேடிப்பிடித்து, இன்று மாதம் எவ்வளவு வருகிறது என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். மகள் கல்லூரிக்குப் போக இன்னும் நான்கைந்து வருடம் இருக்கிறது. உங்கள் முயற்சிக்கு இதுதான் நல்ல நேரம், தள்ளிப்போட்டுக்கொண்டே போகாதீர்கள்.

மருத்துவக் காப்பீட்டை வேலையில் இருக்கும்போதே குடும்பத்துக்குத் தனியாக எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் 3 வருடம் வரை போகலாம், அது இப்போதே ஓடத் தொடங்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி கிடையாது.

அப்புறம், சப்ளையர் பில்லை மாதக்கணக்கில் இழுத்தடிப்பது எப்படி என்று அக்கவுன்ட்ஸில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இனி காத்திருக்கும் சப்ளையர் நீங்கள்தான். முதல் பில் போடும் முன்பே, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள், அது இலவசம். பதிவு இருந்தால், ஒப்பந்தத்தில் அதிக நாள் கெடு போட்டிருந்தாலும் வேலை கொடுத்த கம்பெனிகள் 45 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தர வேண்டும். தாமதித்தால் அந்தச் செலவை அந்த ஆண்டு வரிக்கணக்கில் அவர்கள் கழிக்க முடியாமல் போகலாம். பதிவு எண்ணை பில்லிலேயே அச்சடித்துவிடுங்கள்.