பலகையில் என் பெயர் இல்லாத காலை

வணக்கம் மேடம்,

எனக்கு வயது 41. கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கணவர் வளைகுடாவில் இருக்கிறார். மகன் இரண்டு வருடம் முன்பு கல்லூரி விடுதிக்குப் போனதும் வீடு வெறிச்சோடிவிட்டது. அப்போதுதான் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஜிம்மில் காலை 5.30 பேட்ச்சில் சேர்ந்தேன்.

பன்னிரண்டு பேர் ஒன்றாகச் செய்யும் பயிற்சி. பர்பி என்கிற படுத்தெழுந்து குதிக்கும் பயிற்சி, கெட்டில்பெல், பார்பெல் என்று எடை தூக்குவது எல்லாமே டைமர் வைத்துத்தான். முடித்ததும் அவரவர் பெயரையும் ரவுண்டு கணக்கையும் ஒயிட்போர்டில் எழுதுவார்கள். கடைசியாக முடிப்பவரைச் சுற்றி எல்லோரும் நின்றுகொண்டு, "இன்னும் ரெண்டுதான், விடாதீங்க" என்று கத்துவார்கள். முதல் வாரம் அந்தக் கடைசி ஆள் நான். என் பெயரைச் சொல்லி இத்தனை பேர் கூப்பிட்டு எத்தனை வருடம் ஆயிற்று! வீட்டுக்கு வந்து அழுதேன். பயிற்சி முடிந்ததும் எல்லோரும் முனை டீக்கடைக்குப் போவோம். என் நாளே அங்கேதான் தொடங்கும்.

மூன்று மாதமாக வலது தோளில் வலி. எலும்பு மருத்துவர் பார்த்துவிட்டு, தசைநாரில் வீக்கம், ஆறு வாரம் கையைத் தலைக்கு மேல் தூக்கவே கூடாது என்றார். ஒரு வாரம்தான் வீட்டில் இருந்தேன். வாட்ஸ்அப் குழுவில் தினமும் போர்டு போட்டோ வரும். அதில் நான் இல்லை. "சாக்குச் சொல்லாம சீக்கிரம் வாங்க அக்கா" என்று கோச் ஒரு மெசேஜ் போட்டார். எட்டாம் நாள் வலி மாத்திரை போட்டுக்கொண்டு போய்விட்டேன். செய்யும்போது வலியே தெரியவில்லை. ராத்திரி தலை வாரக் கையைத் தூக்க முடியவில்லை.

"வயசுக்குத் தகுந்த மாதிரி வாக்கிங் போ" என்கிறார் கணவர். பயிற்சியை என்னால் விட முடியும் மேடம். அந்தப் பன்னிரண்டு பேரை விட முடியவில்லை. என்ன செய்வது?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள தோழிக்கு,

முதலில் அந்த மாத்திரை. இனி அதைப் போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போகாதீர்கள். கடும் பயிற்சி, வியர்த்து உடலில் தண்ணீர் குறைவது, வலி மாத்திரை மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குக் கெடுதல். கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால், தசை சிதைந்திருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்கள் மருத்துவரையும் மறுபடி பாருங்கள். எட்டாம் நாள் போனதை மறைக்காமல் சொல்லுங்கள்.

"செய்யும்போது வலியே தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மாத்திரை மட்டும் காரணமாக இருக்காது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் படகு வீரர்கள் பன்னிரண்டு பேரிடம் ஓர் ஆய்வு நடந்து, 2009-இல் வெளியானது. 45 நிமிடம் துடுப்பு இயந்திரத்தில், தனியாகவும் குழுவாகவும். பிறகு இரத்த அழுத்தப் பட்டையைக் கையில் கட்டி இறுக்கி, எந்த அளவில் வலிக்கிறது என்று பார்த்தார்கள். உழைப்பு இரண்டிலும் ஒரே அளவுதான். ஆனால் சேர்ந்து செய்த நாளில் வலி தாங்கும் அளவு தெளிவாகக் கூடியிருந்தது. எல்லோரும் ஒன்றுபோல் அசையும்போது, வலியைக் குறைக்க உடலே சுரக்கும் என்டார்ஃபின் அதிகமாவதே காரணமாக இருக்கலாம் என்றார்கள். நம் ஊரில் நாற்று நடுகிறவர்கள் வரிசையாக நின்று பாட்டுப் பாடிக்கொண்டே நட்டதை நினைத்துக்கொண்டேன்.

ஆக, அந்த 5.30 பேட்ச் உங்களுக்குத் தந்த நெருக்கம் உண்மையானது. ஒரு ஜிம்முக்காக அழுதோமே என்று வெட்கப்பட வேண்டாம். அதே நெருக்கம்தான் உங்கள் தோள் சொன்னதைக் கேட்க விடாமலும் செய்தது. கூட்டத்தின் நடுவில் இருக்கும்போது உங்கள் வலியை நீங்களே அளக்க முடியாது. அளவை மருத்துவர் சொல்லட்டும்.

கோச் கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஓய்வைச் சாக்கு என்று சொல்லும் இடத்தில் அடிபட்டவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அந்த வார்த்தை தப்பு. மருத்துவர் எழுதித் தந்த சீட்டை நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள். "தோளைத் தொடாமல் எனக்கு என்ன தர முடியும்?" என்று கேளுங்கள். மருத்துவர் சம்மதித்தால் உட்கார்ந்து எழும் ஸ்குவாட், சைக்கிள் மாதிரி கால் பயிற்சிகள் இருக்கின்றன. ஒவ்வொரு அசைவுக்கும் மாற்று வைத்திருப்பது நல்ல கோச்சின் வேலை. அவர் முகம் சுளித்தால், தோள் சரியான பிறகும் அந்த இடம் வேண்டுமா என்று யோசிக்கலாம்.

அப்புறம், போர்டு போட்டோ வரும் குழுவை ஆறு வாரத்துக்கு மியூட் செய்துவிடுங்கள். ஆனால் காலையில் பேட்ச் முடியும் நேரத்துக்கு டீக்கடைக்குப் போங்கள். வியர்க்காமல், வீட்டுப் புடவையிலோ சுடிதாரிலோ. முதல் நாள் கூச்சமாகத்தான் இருக்கும். எல்லோரும் அன்றைய ரவுண்டு கணக்கையே பேசுவார்கள். இருங்கள். யார் நகர்ந்து இடம் கொடுக்கிறார்கள், யார் "தோள் எப்படிக்கா இருக்கு?" என்று கேட்கிறார்கள் என்று பாருங்கள். பன்னிரண்டு பேரும் கேட்க மாட்டார்கள். இரண்டு பேர் கேட்டால், அவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். காலியாக இருக்கிற வீடுதானே.

கணவரிடம் நீங்கள் உடற்பயிற்சியைப் பற்றிப் பேசியிருக்கிறீர்கள். அவரும் உடற்பயிற்சியைப் பற்றியே பதில் சொல்கிறார். முதல் வாரம் வீட்டுக்கு வந்து அழுததை அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? இந்தக் கடிதத்தில் எனக்குச் சொன்னதை அப்படியே அவருக்கும் சொல்லுங்கள்.

ஆறு வாரம் கழித்து எழுதுங்கள். டீக்கடையில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்து.