மறுமொழி: ஹைலக்ஸா, டிரைட்டனா?

லிம் சூ காங் பண்ணைக்குச் சாமான் ஏற்றவும், அவ்வப்போது கோத்தா திங்கி பக்கம் போகவும் பழைய பிக்கப் ஒன்று தேடுவதாகவும், டொயோட்டா ஹைலக்ஸா மிட்சுபிஷி டிரைட்டனா என்று யோசிப்பதாகவும் சொன்னீர்கள். இரண்டும் நான்கு சக்கர ஓட்டம்தானே, என்ன வித்தியாசம் என்றும் கேட்டிருந்தீர்கள். வித்தியாசம் நடு டிஃபரன்ஷியலில்தான், அதாவது முன் அச்சையும் பின் அச்சையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பற்சக்கர அமைப்பில்.

ஹைலக்ஸின் பார்ட் டைம் முறையில், அதாவது தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரத்தையும் இயக்கும் முறையில், அது கிடையாது. 4எச் (சாதாரண வேகத்துக்கான நான்கு சக்கர ஓட்டம்) போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுழலும். வளைவில் முன்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும் இல்லையா? சேற்றில் டயர் வழுக்கி அதைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க வழியில்லை, பற்சக்கரங்கள் இறுகிக்கொள்ளும். கார்பேட்டையில் முழுதாக ஒடித்துத் திருப்பினால் வண்டி முரண்டு பிடிக்கும்.

டிரைட்டனின் சூப்பர் செலக்ட் முறையில் நடு டிஃபரன்ஷியல் உண்டு. மழை விட்டு விட்டுப் பெய்யும் மலேசிய நெடுஞ்சாலையில் 4எச்சிலேயே போகலாம். சேறு வந்தால் 4எச்எல்சிக்கு மாற்றி நடு டிஃபரன்ஷியலைப் பூட்டிக்கொள்ளலாம். ஆனால் கவனம், எல்லா டிரைட்டனிலும் இது இல்லை. ஈஸி செலக்ட் முறை உள்ள வண்டி என்றால் ஹைலக்ஸ் கதைதான், நடு டிஃபரன்ஷியல் இருக்காது. ஓட்ட முறையை மாற்றும் குமிழில் 4எச்எல்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

பண்ணை மட்டும் என்றால் ஹைலக்ஸே தாராளம். உங்கள் பயணத்துக்கு நான் சூப்பர் செலக்டைத்தான் எடுப்பேன். எதை வாங்கினாலும் டயரை முதலில் பாருங்கள். வழவழ டயரோடு களிமண்ணில் இறங்கினால் நான்கு சக்கரமும் சும்மா சுற்றும். அப்புறம், ஓட்டிப் பார்க்கும்போது 4எல் (மெதுவாக, கூடுதல் இழுவையோடு ஓடும் நிலை) விழுகிறதா என்றும் போட்டுப் பாருங்கள்.