மாவு மிக்சர் வேலை, ராத்திரி இருமல்: லீவு நாளைக் கவனிங்க

பேக்கரில மாவு பிசையற மிக்சர்ல வேலை, ஆறு மாசமா தும்மல், ராத்திரி இருமல், லீவுல குறையுதுன்னு கேட்டிருந்தீங்க. அந்த லீவு விஷயம்தான் முக்கியம் சகோ. டாக்டர்கிட்ட முதல்ல அதைச் சொல்லுங்க. கோதுமை மாவும், பிரெட் இம்ப்ரூவர்ல (பிரெட் நல்லா வர மாவுல சேர்க்கிற பொடி) இருக்கிற அமைலேஸ் என்சைமும் ஆஸ்துமாவைக் கிளப்பும். பீக் ஃப்ளோ மீட்டர் (மூச்சை எவ்வளவு வேகமா ஊதுறீங்கன்னு காட்டுற சின்னக் கருவி) வாங்கி, லீவு நாளும் சேர்த்து 4 வாரம், தினம் 4 தடவை ஊதிக் குறிச்சு வைங்க. வேலை நாளையும் லீவு நாளையும் ஒப்பிட்டாத்தான் காரணம் பிடிபடும். நடுவுல மூச்சு திணறினா காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

மாவுத் தூசி பறக்காம இருக்க, மூட்டையை உயரத்துல இருந்து கவிழ்க்காதீங்க. மூட்டை வாயைப் பாத்திரத்தோட அடிக்குக் கொண்டுபோய் மெதுவா சரிங்க. தண்ணி முதல்ல, மூடி போட்டு, ஆரம்பத்துல 2-3 நிமிஷம் ஸ்லோ ஸ்பீடு. காலிச் சாக்கை உதறவே கூடாது, அப்பதான் மாவு முகத்துக்கு நேரா புகை மாதிரி எழும்பும், சுருட்டி வைங்க. துடைப்பத்துக்குப் பதிலா ஈரத்துணி. கர்ச்சீப் பத்தாது, என்95 மாஸ்க் வேணும். தாடி இருந்தா அதுவும் ஓரத்துல ஒட்டாது.