ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு உள்ளடக்கத்தைப் புதுப்பிக்கும்போது பக்கம் திணறுவது ஏன்?

நீண்ட விலைப்பட்டியலொன்றைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கையில் பக்கம் உறைந்துவிடுகிறது என்றும், ஒரு பகுதியின் உள்ளடக்கம் முழுவதையும் திரும்ப எழுதும் இன்னர்எச்டிஎம்எல்லைக் (innerHTML) கைவிட்டால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அது மட்டும் போதாது என்பதே என் கருத்து. திருகோணமலை வியாபாரிகளுக்காக அறக்குளா, பாரை, சூரை ஆகிய மீன்களின் விலைகளைக் காட்டும் பக்கமொன்றை நான் பராமரிக்கிறேன். அதைப் பார்ப்போர் பெரும்பாலும் விலை குறைந்த கைபேசிகளையே பாவிப்பதால், இந்தத் திணறலை நான் அலட்சியம் செய்ய முடியாது.

உலாவி ஒவ்வொரு மாற்றத்தையும் உடனே திரையில் வரைவதில்லை. நமது நிரல் ஓடி முடியும்வரை மாற்றங்களைச் சேர்த்து வைத்து, பின்னர் ஒரே தடவையில் இடமும் அளவும் கணக்கிட்டு வரைகிறது. எனவே அட்டவணையில் நூறு வரிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தாலும் நூறு முறை வரையப்படாது. ஆனால் ஒரு வரியை மாற்றிய கையோடு ஆஃப்செட்ஹைட் (offsetHeight, பக்கக் கூறொன்றின் உயரம்) போன்ற அளவொன்றைக் கேட்டால், பிழையற்ற விடையைத் தருவதற்காக, ஒத்திவைத்த கணக்கை உலாவி அங்கேயே செய்து முடிக்க நேர்கிறது. மாற்றுவதும் அளப்பதும் ஒரே சுழற்சிக்குள் மாறி மாறி நடந்தால் இந்தக் கணக்கு ஒவ்வொரு வரிக்கும் திரும்ப நிகழும். விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒரு சட்டகத்துக்கு, அதாவது ஒருமுறை வரைவதற்கு, கிடைப்பதோ ஏறத்தாழ 16.7 மில்லிவிநாடிதான். ஆகவே தேவையான அளவுகள் அனைத்தையும் முதலில் வாசித்துக்கொள்ளுங்கள். பிறகு மாற்றங்கள் அனைத்தையும், இயலுமானால் அடுத்த வரைதலுக்குச் சற்று முன் நிரலை ஓடவைக்கும் ரிக்வெஸ்ட்அனிமேஷன்ஃபிரேமுக்குள் (requestAnimationFrame), ஒருசேரச் செய்யுங்கள்.

அடுத்தது, மாறியதை மட்டும் மாற்றுவது. பாரையின் விலை மட்டுமே ஏறியிருக்க, முழு அட்டவணையையும் இன்னர்எச்டிஎம்எல்லால் திரும்ப எழுதினால், பழைய மூலகங்களோடு (பக்கத்தின் கூறுகள்) அவற்றில் இணைத்த நிகழ்வுக் கேட்பான்களும் (சொடுக்கு போன்ற நிகழ்வுக்கு இயங்கும் நிரல்கள்), பயனர் எழுத்தில் செய்திருந்த தெரிவும் அழிந்துபோகும். வெளியிலிருந்து வரும் தரவை அப்படியே அதில் இடுவது பாதுகாப்புக்கும் கேடு. பழைய விலையோடு ஒப்பிட்டு, வேறுபட்ட கட்டத்தின் டெக்ஸ்ட்கன்டென்டை (textContent), அதாவது அதிலுள்ள எழுத்தை, மட்டும் மாற்றுவது எளிது, வேகமும்கூட. நிகழ்வுக் கேட்பானையும் வரிக்கு ஒன்றாக வைக்காமல், அட்டவணைக்கு ஒன்று வைத்தால் போதும். வரிகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் கண்ணில் படும் பகுதியை மட்டும் உருவாக்குங்கள்.

எதையும் திருத்துமுன் குரோம் உலாவியின் உருவாக்குநர் கருவிகளிலுள்ள பெர்ஃபோமன்ஸ் பலகத்தில் பதிவுசெய்து பாருங்கள்; கட்டாயத் தளவமைப்புக் கணக்கீடு (அளவு கேட்டதால் இடையிலேயே செய்ய நேரும் அந்தக் கணக்கு) நிரலின் எந்த வரியில் தொடங்குகிறது என்பதை அது காட்டும். மேசைக்கணினியில் விரைவாக ஓடுவதை நம்பாமல், உங்கள் பயனர்கள் வைத்திருப்பது போன்ற கைபேசி ஒன்றிலேயே இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.