ரெண்டு கலர் வேலைக்கு ஆறு பிளேட் ஏன் வருது?

கேள்வி: வணக்கம் சார். கருப்பு, அப்புறம் ஒரு பாண்டோன் (நம்பர் வச்சு சொல்ற, தனியா கலந்த மை) சிவப்பு, இந்த ரெண்டை மட்டும் வச்சு 48 பக்க புக் ஒண்ணு இன்டிசைன்ல லேஅவுட் பண்ணேன். என் பிரிண்டர்ல எடுத்துப் பாத்தா எல்லாம் சரியா இருக்கு. பிரஸ்ல என்னடான்னா இது 2 கலர் ஃபைல் இல்ல, 6 பிளேட் (ஒரு மைக்கு ஒரு அச்சுத் தகடு) வருதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ரெண்டு நாளா தேடுறேன், தப்பு எங்கன்னே புரியல.

பதில்: முதல்ல உங்க பிரிண்டர்ல எடுத்த அந்த பிரிண்ட்டை ஓரமா வச்சிடுங்க, இந்த விஷயத்துல அது எதையும் சொல்லாது. அந்த பிரிண்டருக்குள்ள பாண்டோன் மைன்னு தனியா ஒண்ணு கிடையாது, சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு நாலையும் கலந்து சிவப்பு மாதிரி காட்டுது, அவ்வளவுதான். ஃபைல்ல சிவப்பு ஸ்பாட்டா, அதாவது தனி மையா இருந்தாலும், ப்ராசஸா, அதாவது அந்த நாலு மைக் கலவையா இருந்தாலும் பேப்பர்ல கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வரும். பிளேட் பிரிச்சாதான் உண்மை தெரியும்.

இன்டிசைன்ல ஷிஃப்ட்டும் எஃப்6ம் சேத்து அழுத்துங்க, செபரேஷன்ஸ் ப்ரிவியூ (மை வாரியா பிரிச்சுக் காட்டறது) பேனல் வரும். அதுல செபரேஷன்ஸை ஆன் பண்ணதும் ஃபைல்ல இருக்கற மையெல்லாம் வரிசையா நிக்கும். உங்களுக்கு 6 பிளேட்டுன்னா என் கணக்குப்படி சிஎம்ஒய்கேங்கற அந்த ப்ராசஸ் மை நாலு, பாண்டோன் 185 சி மாதிரி ஒண்ணு, அதே நம்பர்ல யு போட்டு இன்னொண்ணு. இப்ப மஞ்சள் பேரை மட்டும் கிளிக் பண்ணிட்டு பக்கம் பக்கமா போங்க. முழுசா வெள்ளையா இருக்க வேண்டிய பக்கத்துல எது தெரியுதோ அதுதான் குற்றவாளி. பெரும்பாலும் ரெண்டு விஷயம்தான் மாட்டும், வேர்ட்ல இருந்து கொண்டுவந்த மேட்டர், இல்லன்னா கிரேஸ்கேலுக்கு மாத்தாத போட்டோ.

வேர்ட் மேட்டர்தான் ரொம்ப ஏமாத்தும். அங்க கருப்புக்கு கலர் குடுத்திருந்தா அது ஆர்ஜிபி (ஸ்க்ரீனுக்கான கலர் முறை) கருப்பா உள்ள வந்துடும், ஸ்வாட்சஸ்ல, அதாவது ஃபைலோட கலர் பட்டியல்ல, வேர்ட்னு ஆரம்பிக்கிற பேர்ல ஒண்ணு உக்காந்திருக்கும் பாருங்க. கண்ணுக்கு அது கருப்புதான், ஆனா பிளேட்டுக்குப் போறப்ப நாலு மையா உடையும், ஸ்வாப்ங்கற அச்சுக் கலர் ப்ரொஃபைல்ல சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு வரிசையில சுமார் 75, 68, 67, 90 சதவீதம்னு வரும். 9 பாயின்ட் எழுத்துல நாலு மையை ஒண்ணு மேல ஒண்ணு துல்லியமா உக்கார வைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு மெஷின்ல நிக்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க. அந்த ஸ்வாட்சை டிலீட் பண்ணுங்க, பதிலா எதைப் போடன்னு கேக்கும், ப்ராக்கெட்டுக்குள்ள இருக்கற ஒரிஜினல் பிளாக்கைக் காட்டுங்க, புக் முழுக்க ஒரே தடவையில மாறிடும்.

அடுத்தது அந்த சி, யு குழப்பம். கோட்டட் பேப்பர், அன்கோட்டட் பேப்பர்னு அர்த்தம், மை ஒண்ணுதான், விழுற பேப்பர்தான் வேற. ஆனா சாஃப்ட்வேருக்கு பேர்ல ஒரு எழுத்து மாறினாலும் அது வேற மை, வேற பிளேட். நீங்க லேஅவுட்ல சி எடுத்திருப்பீங்க, லோகோ பண்ணவர் யு எடுத்திருப்பார். ஈபிஎஸ், பிடிஎஃப் கூட உள்ள வந்த ஸ்வாட்ச் டிலீட் ஆகாது, அதுக்காக லோகோவைத் திரும்ப வரைய வேண்டாம். இங்க் மேனேஜரைத் திறந்து யு மைக்கு இங்க் ஏலியஸ்ல சியைக் குடுங்க, ரெண்டும் ஒரே பிளேட்டுல சேந்துடும். அங்கயே ஆல் ஸ்பாட்ஸ் டு ப்ராசஸ்னு ஒரு டிக் இருக்கும், தயவுசெஞ்சு அதைத் தொடாதீங்க, தொட்டா உங்க சிவப்பு மொத்தமும் நாலு கலரா கரைஞ்சிடும்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். ஸ்வாட்சஸ்ல ரிஜிஸ்ட்ரேஷன்னு ஒரு கருப்பு இருக்கும், அது கட் மார்க்குக்கு மட்டும்தான், எல்லா பிளேட்டுலயும் 100 சதவீதம் விழும். ஒரு தடவை நான் மாஸ்டர் பேஜ்ல பக்க எண்ணுக்கு அதைப் போட்டுட்டேன். அச்சாகி வந்த ஷீட்டை லென்ஸ் வச்சுப் பாத்தா 8ங்கற எண்ணோட வலது ஓரத்துல மட்டும் மயிரிழை மாதிரி சிவப்பு தெரியுது, சுழிக்குள்ள மை நிரம்பி அடைச்சிருக்கு, பக்கம் பூரா எழுத்து சுத்தமா இருக்க எண் மட்டும் அப்படி. அந்த ஷீட்டைக் கையில வச்சுட்டு நின்னது இன்னும் மறக்கல, அதனாலதான் இவ்வளவு அழுத்தி சொல்றேன்.

கேள்வி: பிரிண்ட் டயலாக்ல செபரேஷன்ஸ் ஆப்ஷனே செலக்ட் ஆக மாட்டேங்குது, காம்போசிட் (எல்லா மையும் சேந்த ஒரே பக்கம்) மட்டும்தான் இருக்கு. சாஃப்ட்வேர் கெட்டுப் போச்சா?

பதில்: இல்லங்க, உங்க பிரிண்டர் போஸ்ட்ஸ்கிரிப்ட்ங்கற பிரிண்டர் மொழி புரியற பிரிண்டர் இல்ல, அதான். பிடிஎஃப்பா எக்ஸ்போர்ட் பண்ணி அக்ரோபேட்ல அவுட்புட் ப்ரிவியூல பாருங்க, ஒவ்வொரு மையா டிக் எடுத்து எடுத்து பாக்கலாம். எக்ஸ்போர்ட் பண்றப்ப ஆர்ஜிபிக்கு மாத்தற செட்டிங் எதையும் தொடாதீங்க.

கேள்வி: போட்டோவை கருப்பு பிளஸ் ஒரு ஸ்பாட் நீலத்துல டியோடோனா போட்டேன், அச்சுல துணி நெசவு மாதிரி அலை அலையா ஒரு பேட்டர்ன் வந்துடுச்சு.

பதில்: இதுக்குப் பேர் மொயரே, ரெண்டு மையோட புள்ளி வரிசையும் மோதி வர்ற பேட்டர்ன். ஸ்பாட் மைக்கு நீங்க புள்ளி வரிசையோட ஆங்கிள் எதுவும் குடுக்கலன்னா பல சமயம் 45 டிகிரிலயே போய் நிக்கும், கருப்பும் அதே 45. ரெண்டு புள்ளி வரிசையும் ஒரே சாய்வுல இருந்தா ரிஜிஸ்டர் (மை மேல மை உக்கார்ற பொருத்தம்) துளி நகர்ந்தாலும் இந்த மாதிரி தெரியும், இல்லன்னா கலரே ஷீட்டுக்கு ஷீட் மாறும். வழக்கமா சியான் 15, மெஜந்தா 75, மஞ்சள் 0. உங்க வேலையில மெஜந்தா இல்லாததால அந்த 75ஐ நீலத்துக்குக் குடுங்க, கருப்புக்கும் அதுக்கும் 30 டிகிரி இடைவெளி கிடைக்கும். பிரஸ்ல பிளேட் எடுக்கறவர்கிட்ட இதை முன்னாடியே சொல்லிடுங்க, அவங்க ரிப்ல (ஃபைலை பிளேட்டுக்கான புள்ளியா மாத்தறது) வேற செட்டிங் இருந்தா உங்க ஃபைல்ல போட்டதை அது மாத்திடும்.

கேள்வி: ஸ்பாட் கலர் பட்டை மேல எழுத்துக்கு டிராப் ஷேடோ குடுத்தா பிடிஎஃப்ல சுத்தி வெள்ளைக் கட்டம் தெரியுது.

பதில்: அக்ரோபேட்ல ஓவர்பிரிண்ட் (மை மேல மை அச்சாகறது) ப்ரிவியூவை ஆன் பண்ணிப் பாருங்க. அப்ப கட்டம் மறைஞ்சா பிளேட்டுல பிரச்சினை இல்ல. ப்ரூஃப் எடுக்கறப்ப மட்டும் சிமுலேட் ஓவர்பிரிண்ட் டிக் பண்ணுங்க, இல்லன்னா பேப்பர்லயும் அந்தக் கட்டம் வந்து கஸ்டமர் பயந்துடுவார்.