தபால்காரர் ஏறாத பாதை

அன்புள்ள ஐயா,

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பொறியியல் பீடத்துக்கு வந்தவன் நான். முதலாம் ஆண்டில் 'உள்ளூர், தேசியப் பிரச்சினைகள்' என்று ஒரு பொதுக்கல்விப் பாடம் கட்டாயம். பழைய வினாத்தாளை மனனம் செய்தால் போதும் என்கிறார்கள் மூத்த மாணவர்கள். ஒப்படைக்கு எங்கள் தோட்டத்தைப் பற்றி எழுதலாமா? தேசியப் பிரச்சினை என்றால் கடன், வரி என்றுதானே எழுத வேண்டும்?

ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

மனனம் செய்து சித்தியடையலாம்தான். அதற்கு என்னைக் கேட்க வேண்டியதில்லை.

எனக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம் தோட்டத்து ஆபீஸ் மேசையில் ஒன்பது நாள் கிடந்தது. அப்பா அதைக் கொண்டுவந்து தந்தபோது உறையின் மேல் தேநீர்க் கோப்பையின் வட்டம் காய்ந்திருந்தது. பரீட்சை முந்தாநாளே முடிந்திருந்தது. கிளாக்கரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். லயம் என்ற வரிசை வீட்டில் எங்கள் அறையான காம்பராவுக்கு இலக்கமில்லை, பாதைக்குப் பெயரில்லை, தபால்காரர் ஆபீஸோடு திரும்பிவிடுவார் என்பதெல்லாம் பிறகுதான் உறைத்தது.

இதையே எழுதுங்கள். முகவரி ஏன் இல்லை என்று கேட்டால், நிலம் யாருடையது என்ற கேள்வி வரும். எழுபதுகளில் அரசு எடுத்துக்கொண்ட தோட்டங்களை 1992இல் கம்பனிகளின் கையில் கொடுத்தார்கள்; மண் இன்னும் அரசுடையதே, லயத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு உறுதிப்பத்திரம் இல்லை. பாதையைப் பிரதேச சபை ஏன் போடவில்லை என்று கேட்டால், 1987ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டக் குடியிருப்புக்குச் செலவிட இடம் தரவில்லை என்பதே நெடுங்காலம் கிடைத்த பதில். 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். (வாக்குக் கேட்டு ஏறி வர மட்டும் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.) அந்த வாக்குக்கும் ஒரு கதை உண்டு: தோட்டத் தமிழருக்குப் பிரஜாவுரிமை மறுத்த 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தில் தொடங்கி, எஞ்சியவர்களுக்கும் பிரஜாவுரிமை தந்த 2003இன் சட்டம் வரை. ஒரு கடித உறையைப் பிடித்துக்கொண்டு போனால் பாராளுமன்றம் வரை போகலாம். இதில் உள்ளூர் எது, தேசியம் எது?

விடுமுறைக்குப் போகும்போது, தபால் பையிலிருந்து உங்கள் காம்பரா வரை ஒரு கடிதம் எத்தனை கை மாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆபீசில் அதை எங்கே வைக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

எழுதியதும் எனக்கொரு பிரதி அனுப்புங்கள். மின்னஞ்சலில் அனுப்புங்கள், நான் இன்னும் பழைய முகவரியில்தான் இருக்கிறேன்.